தங்கப் படத்தில் பொம்பிளையின் தாய் எங்கே?

"பிள்ளை, இந்தப் படத்தில பொம்பிளையின்ர தாய் ஆர்?"

கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமமொன்றில் எனக்குப் பழக்கமான ஓர் அக்கா இப்படிக் கேட்டார். அவருடைய மூத்த மகளுக்குக் கல்யாணம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. உட்சுவர்களுக்கு இன்னும் பூச்சு வேலை முடியவில்லை. அந்தச் சீமெந்துக் கல்லுச் சுவரில், சாமிப்படங்களுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டமிட்ட பெரிய தஞ்சாவூர்ப் படமொன்று பளபளத்துக்கொண்டு தொங்கியது. தமிழ்நாட்டில் அகதி முகாமில் நெடுங்காலம் இருந்து திரும்பிய மச்சாள் குடும்பம் மணமக்களுக்குக் கொடுத்த அன்பளிப்பு அது. மீனாட்சி திருக்கல்யாணம்.

அக்கா அரிசி களைந்த ஈரக் கையைச் சீலையில் துடைத்துவிட்டு ஒவ்வொருவராகச் சுட்டிக் காட்டினார். "இது மாப்பிள்ளை, சிவபெருமான். பச்சை நிறத்தில நிக்கிறது பொம்பிளை. கெண்டியால தண்ணி வார்க்கிறது பெருமாள். ஓமம் வளர்க்கிறது பிரம்மா, நாலு தலை இருக்கு. பின்னால தட்டோட நிக்கிற பொம்பிளையள் எல்லாம் ஒரே வயசு. தாயைக் காணேல்லை."

இந்தக் கேள்வி ஏன் வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு அதன் கனம் விளங்காது. அக்காவின் கணவர் 2009 மே மாதத்தில் காணாமற் போனவர். மரணச் சான்றிதழ் எடுக்க அக்காவுக்கு மனம் வரவில்லை. நெற்றிப் பொட்டையும் அழிக்கவில்லை. பொட்டோடு போனால் சில வீடுகளில் ஒரு பார்வை, பொட்டில்லாமல் போனால் வேறு சில வீடுகளில் இன்னொரு பார்வை. இரண்டுக்கும் பழகிவிட்டவர். மகளின் கல்யாணத்தன்று கன்னிகாதானம் செய்து கொடுக்கக் கணவரின் தமையனும் அவர் மனைவியும் மணவறையில் இருந்தார்கள். ஆலாத்தி எடுக்க இரண்டு சுமங்கலிகள். அக்கா மண்டபத்தின் பின்பக்கம் சமையலடியில் நின்றார். கெட்டிமேளச் சத்தத்தை அங்கிருந்துதான் கேட்டார்.

"ஒருத்தரும் என்னைப் போகச் சொல்லேல்லை பிள்ளை. நானாத்தான் போனனான்" என்றார்.

சமூகவியல் படித்த காலத்தில் இதற்கெல்லாம் பெரிய பெரிய பெயர்கள் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். அக்காவின் முன்னால் அவற்றில் ஒன்றும் வாயில் வரவில்லை. தெரியாது அக்கா, பார்த்துச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். பிறகு ஓர் அலுவலாகத் தமிழ்நாடு போகக் கிடைத்தபோது இந்தக் கேள்வியையும் கொண்டு போனேன்.

பலகையில் எழும் மணவறை

தஞ்சாவூரில் இந்தப் படத்தைப் பலகைப் படம் என்றும் சொல்வார்கள். பெயருக்கு ஏற்றபடி அடிப்படை பலகைதான். முன்பு பலா மரத்தில் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் ஒட்டுப்பலகை. தஞ்சை நாயக்கர் காலத்தில் வேர்விட்ட இந்தக் கலை, 1676 முதல் 1855 வரை அங்கு ஆண்ட மராட்டியர் காலத்தில் நன்றாகத் தழைத்தது. சிறப்பாக 1798 முதல் 1832 வரை இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர் ஓவியர்களை ஆதரித்தவர். ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ராஜு சமூகத்தவரும் நாயுடு சமூகத்தவரும் தலைமுறை தலைமுறையாக இதைத் தொழிலாகச் செய்தார்கள். 1855 இல் தஞ்சை அரசு முற்றாகப் பிரிட்டிஷார் கைக்குப் போனபின் அரண்மனைக் காசு நின்றுவிட்டது. செட்டியார்களும் வசதியான வீட்டுக்காரரும் பூசை அறைக்காக வாங்கியதால்தான் கலை பிழைத்தது. தஞ்சாவூர் ஓவியம் என்ற பெயருக்கு இந்திய அரசின் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

நான் போன இடம் பெரிய பட்டறையல்ல. ஒரு வீட்டு விறாந்தை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா நிலத்தில் இருந்து, தாழ்ந்த மேசையொன்றில் படத்தைக் கிடத்தி வேலை செய்துகொண்டிருந்தார். "சிலோனா நீங்க? உட்காருங்க" என்றவர், நான் கேட்காமலே ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினார்.

முதலில் பலகையின்மேல் துணியை ஒட்டுகிறார்கள். அதன்மேல் சுண்ணத் தூளைப் பசையோடு குழைத்துப் பூசி, காயவிட்டு, கையை வைத்தால் வழுக்குமளவுக்குத் தேய்க்கிறார்கள். அதில் படத்தின் கோடுகளை எடுக்கிறார்கள். நகைகளும் கிரீடமும் வரும் இடங்களில் கற்களை ஒட்டுகிறார்கள். அந்தக் காலத்து அரண்மனைப் படங்களில் விலையுயர்ந்த கற்களே இருந்தன. இப்போது பதிப்பவை பெரும்பாலும் கண்ணாடிக் கற்கள்தான். அடுத்ததுதான் இந்தப் படங்களுக்கே உரிய வேலை. சுண்ணத் தூளும் பசையும் சேர்த்துக் குழைத்த கலவையைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்து, தூண், தோரணம், சிம்மாசனம், மாலை, ஆபரணம் எல்லாவற்றையும் மேடாக எழுப்புகிறார்கள். இந்தக் கலவைக்கு மக்கு என்று பெயர். (எங்களூரில் படிப்பு ஏறாத பிள்ளையைச் சொல்லும் மொக்கு அல்ல!) அது காய்ந்ததும் அதன்மேல் தங்க ரேக்கை ஒட்டி, துணியால் மெல்ல அழுத்தி, மேடு பள்ளங்களுக்குள் இறக்குகிறார்கள். தங்கம் ஒட்டி முடிந்த பிறகே வர்ணம் தீட்டுவது. முகமும் கண்ணும் கடைசியில்.

தங்க ரேக்கு ஒட்டும்போது அந்த அம்மா மின்விசிறியை நிறுத்திவிட்டார். என்னையும் பேச வேண்டாம் என்று கையால் காட்டினார். மூச்சுக் காற்றுக்கே பறந்துவிடுமாம். அடித்து அடித்து மெலிதாக்கிய 22 கரட் பொன் அது. இந்தப் பொன் நூறு வருடம் போனாலும் கறுக்காது. மலிவான போலி ரேக்கு சில வருடங்களில் நிறம் மங்கும். வெளிச்சம் குறைந்த பூசை அறையில் ஒரு குத்துவிளக்குத் திரி போதும், படத்திலுள்ள மணவறை முழுவதும் எரியும். அதற்காகவே இத்தனை பொன்.

தெய்வத் திருமணங்கள் இந்தப் படங்களில் விருப்பமான விடயம். சீதா கல்யாணம், சீனிவாச கல்யாணம், வள்ளி திருமணம் என்று பல உண்டு. ஆனால் தமிழ் வீடுகளில் மீனாட்சி கல்யாணத்துக்குத் தனி இடம். மதுரைக் கோயிலின் கம்பத்தடி மண்டபத்துத் தூணில் இருக்கும் கற்சிற்பத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படத்தின் அமைப்பு உடனே விளங்கும். நடுவில் நாணித் தலை சாய்த்த மணப்பெண், அவள் கையைப் பற்றியபடி இறைவன், மறுபக்கம் கெண்டியோடு திருமால். அந்தக் கல்லில் இருப்பதையே பொன்னிலும் வர்ணத்திலும் சுற்றிவரக் கூட்டம் சேர்த்து எழுதியதுபோல் இருக்கும் இந்தப் படம்.

அக்காவின் கேள்வியை அந்த அம்மாவிடம் கேட்டேன். தூரிகையை வைத்துவிட்டுச் சற்று நேரம் யோசித்தார். "முப்பது வருஷமா எழுதுறேன். இதை யாரும் கேட்டதில்லைங்க" என்றார். பிறகு, "போடுற வழக்கம் இல்ல. பெருமாள்தானே தாரை வார்க்கிறாரு" என்றார்.

தகப்பன் இல்லாத வீட்டுக் கல்யாணம்

திருமால் ஏன் தாரை வார்க்கிறார்? மீனாட்சிக்கு அவர் அண்ணன் முறை என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். அதற்குமேல் நான் யோசித்ததில்லை. அண்ணன் ஏன் கொடுக்க வேண்டும்? தகப்பன் எங்கே போனார்?

விடை பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இருக்கிறது. எமது கோயில்களில் புராண படனம் நடக்கும்போது வெற்றிலைத் தட்டோடு பின்வரிசையில் இருந்து எத்தனையோ முறை கேட்ட கதைதான். ஆனால் கேட்டதெல்லாம் மனதில் நின்றதா?

மலயத்துவச பாண்டியனுக்கும் காஞ்சனமாலைக்கும் பிள்ளையில்லை. வேள்வி செய்தபோது அந்தத் தீயிலிருந்து மூன்று வயதுக் குழந்தையாக வந்தவள் தடாதகை. அவளையே நாம் மீனாட்சி என்கிறோம். குழந்தையின் உடம்பில் ஒரு வேறுபாடு, மூன்று மார்பு. பெற்றோர் கலங்கினார்கள். இவளை ஆண்பிள்ளையைப் போல் வளர்த்து முடிசூட்டு, தனக்கு உரியவனைக் காணும்போது அது மறையும் என்று அசரீரி சொன்னது. தகப்பன் அப்படியே கலைகளும் படைக்கலப் பயிற்சியும் கொடுத்து வளர்த்து, மகளுக்கு முடிசூட்டினார். சில காலத்தில் இறந்துவிட்டார்.

அதாவது, தடாதகை நாட்டை ஆளும்போதே தகப்பன் இல்லை. காஞ்சனமாலை கணவனை இழந்த பெண். மகளின் கல்யாணக் கவலை முழுவதும் அவள் ஒருத்தி தலையில். அந்தக் கவலையை அவள் வாய்விட்டுச் சொன்னபோது, அது வரும் காலத்தில் வரும், நான் திசைகளை வென்று வருகிறேன், நீ இரு அம்மா என்ற கருத்தில் மகள் பதில் சொல்லிவிட்டுப் படையோடு புறப்பட்டாள். எங்கள் வீடுகளிலும் இப்படிச் சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள்! கடைசியில் கயிலை வரைக்கும் போய்ப் போர் செய்தவள், அங்கே சிவபெருமானைக் கண்டதும் மூன்றாவது மார்பு மறைய, நாணி நின்றாள்.

கல்யாணம் மதுரையில். மாப்பிள்ளையாக வந்த இறைவனை எதிர்கொண்டு வரவேற்றவர் யார் தெரியுமா? காஞ்சனமாலை. அவருடைய பாதங்களை நீரால் கழுவி, பட்டால் ஒற்றி, மலர் சாத்தி வணங்கியவள் அவள்தான். என் மகளை மணந்து இந்த நாட்டு ஆட்சியையும் ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டவளும் அவள்தான். எமது கல்யாணங்களில் வாசலில் மாப்பிள்ளையின் கால் கழுவுவது பொம்பிளையின் சகோதரன், அதற்கு மோதிரமும் கிடைக்கும். அந்த வேலையை மதுரையில் கணவனை இழந்த ஒரு தாய் செய்திருக்கிறாள். மாப்பிள்ளை தெய்வம். அவருக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

கந்தபுராணத்திலே பார்வதி திருமணத்தைப் பாருங்கள். மேனை நீர் வார்க்க, இமவான் சிவபெருமானின் பாதம் கழுவி மகளைத் தாரை வார்க்கிறார். கணவனும் மனைவியும் சேர்ந்து நிற்கிறார்கள். மீனாட்சி கல்யாணத்தில் அந்தச் சோடி உடைந்துவிட்டது. அதனால் தாரை வார்க்கும் பொறுப்பை அண்ணன் ஏற்றுக்கொண்டார். அது சரிதான், எமது வீடுகளிலும் பெரியப்பா சித்தப்பா, மாமன்மார் அப்படி முன்னுக்கு வந்து நின்று கொடுத்திருக்கிறார்கள். 2009 இற்குப் பின் நடந்த எத்தனையோ கல்யாணங்கள் அப்படிப்பட்ட மனிதர்களால்தான் நடந்தன. ஆனால் அண்ணன் வந்ததற்காகத் தாய் சமையலடிக்குப் போனாள் என்று புராணத்தில் இல்லை. படத்திலிருந்துதான் போய்விட்டாள்.

ஓவியர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. கல்லிலும் பலகையிலும் இடம் கொஞ்சம். தாரை வார்க்கும் கணத்தைத்தான் அவர்கள் பிடிக்கிறார்கள். வாசலில் கால் கழுவியது அதற்கு முந்திய காட்சி. என்றாலும், பிரம்மாவுக்கும் முனிவர்களுக்கும் மத்தளம் அடிப்பவருக்கும் இடம் கிடைத்த படத்தில் பெற்ற தாய்க்கு ஒரு மூலை கிடைக்கவில்லை என்பது என் மனதை உறுத்தத்தான் செய்கிறது.

காஞ்சனமாலையின் கதை கல்யாணத்தோடு முடியவில்லை. பிற்பாடு அவளுக்குக் கடலாட ஆசை வந்தது. இறைவன் ஏழு கடல்களையும் மதுரைக்கே வரவழைத்தார். மதுரையில் எழுகடல் தெரு என்ற பெயர் அதை இன்றும் நினைவூட்டுகிறது. ஆனால் தீர்த்தமாடுகிறவள் கணவனின் கையையோ, மகனின் கையையோ, பசுக் கன்றின் வாலையோ பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்றார்கள். கணவன் இல்லை, மகனும் இல்லை. கன்றின் வால்தான் மிச்சம். கரையில் நின்று அவள் வருந்தினாள். அப்போது இறைவன் மலயத்துவசனையே விண்ணுலகிலிருந்து வரவழைத்தார். இருவரும் கைபிடித்து நீராடினார்கள்.

இந்தப் பகுதியை அக்காவுக்குச் சொல்வதா விடுவதா என்று எனக்குப் பெரிய யோசனையாக இருந்தது. அங்கே வரவழைத்துவிட்டார்கள். இங்கே பதினைந்து வருடங்களுக்கு மேலாக எத்தனை பேர் கரையில் நிற்கிறார்கள்.

கற்றுக்கொள்ளலாமா?

வாசகிகளில் சிலர் இதைத் தொழிலாகச் செய்யலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். அந்தத் தஞ்சாவூர் அம்மா மணமாகி வந்தபின் கற்றவர். தமிழ்நாட்டில் இப்போது குடும்பப் பெண்கள் பலர் வகுப்புகளில் கற்று வீட்டிலிருந்தே செய்கிறார்கள். முழுநேரமும் வெளியில் போக முடியாதவர்களுக்கு ஏற்ற வேலைதான். கையில் நிதானமும் கண்ணில் வெளிச்சமும் வேண்டும். ஆனால் தங்க ரேக்குக்கு முதலில் காசு போட வேண்டும், படம் விற்கும்வரை அது முடங்கிக் கிடக்கும். எமது கிராமங்களில் மெழுகுதிரி, பை, பூச்சாடி என்று பயிற்சி கொடுத்து, சான்றிதழும் கொடுத்து, சந்தையை மட்டும் கொடுக்காமல் போனவர்கள் எத்தனை பேர்! அதனால் வாங்குகிறவர் யார் என்று தெரியாமல் ரேக்கு வாங்கக் காசைக் கடன் எடுக்க வேண்டாம். ஆசைக்குக் கற்பதென்றால் சிறிய பலகையில் ஒரு தவழும் கண்ணனோடு தொடங்கலாம். பழகும்போது விலை குறைந்த ரேக்கே போதும். விற்கும்போது மட்டும் எது பொன், எது போலி என்று வாங்குபவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

ஊர் திரும்பி அக்காவிடம் போனேன். காஞ்சனமாலை மாப்பிள்ளையின் கால் கழுவிய கதையைச் சொன்னேன். நடுவில் எழும்பிப்போய் அடுப்பில் இருந்த கறியை இறக்கி வைத்துவிட்டு வந்து, "திரும்பச் சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். கடலாடிய கதையையும் சொல்லிவிட்டேன், மறைக்க முடியவில்லை. அதற்கு அவர் ஒன்றும் பேசவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கண்டின்ர வாலைப் பிடிச்சாவது இறங்கத்தானே வேணும்" என்றார்.

அந்தத் தஞ்சாவூர் அம்மா என்னை வழியனுப்பும்போது சொன்னதையும் சொன்னேன். யாராவது கேட்டால் காஞ்சனமாலையையும் சேர்த்து எழுதித் தருவாராம். மணவறையில் தூணோரமாக ஓர் ஆள் நிற்க இடம் எடுக்கலாமாம். என்ன விலை வரும் என்று அக்கா கேட்டார். சொன்னேன். "அந்தக் காசுக்குச் சுவர் பூசலாம்" என்று சிரித்தார்.

அவருடைய இரண்டாவது மகளுக்கு வருகிற ஆவணியில் கல்யாணம். தாரை வார்க்கப் பெரியப்பாவும் பெரியம்மாவுமே இருக்கட்டும், தான் மணவறைக்குப் பக்கத்தில் நிற்கப் போவதாக மகளிடம் சொல்லிவிட்டாராம். ஐயரிடமும் கேட்டாராம். தாய் நிற்பதற்கு ஏனம்மா என்னைக் கேட்கிறீர்கள் என்றாராம் அவர். மகள் நீலக்கரை போட்ட சேலையொன்று எடுத்து வைத்திருக்கிறாள். மாப்பிள்ளையின் கால் கழுவுவதை மட்டும் சின்னவன் அம்மாவுக்கு விட்டுக்கொடுக்க மாட்டானாம். மோதிரம் போய்விடுமே என்று இப்போதே சண்டையாம்.